‘நைட் ஷிஃப்ட்ல யாருங்க இருப்பாங்க?’ - திருப்பூரில் அமுச்சிக்கு இடம் தேடிய இரண்டு நாள்

சேரன் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்றபோது இன்னும் விடியவில்லை. ஆனால், ஸ்டேஷன் வாசல் விழித்திருந்தது. அதே ரயிலில் இறங்கியவர்களும், அதற்கு முன்னால் வடக்கிலிருந்து வந்த ஏதோ ஒரு ரயிலில் இறங்கியவர்களும் தோள்பையைக் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தி, ஒடியா, பெங்காலி, நடுவில் மதுரைத் தமிழ். எதிரே திருப்பூர் குமரன் நினைவகம் மங்கலான வெளிச்சத்தில் தெரிந்தது. மாமா பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, “வா கண்ணு, ஒரு டீ அடிச்சுட்டுப் போலாம்” என்றார்.

இந்த ஊர் ஷிஃப்ட் கணக்கில் பேசும் ஊர். காலை எட்டரை மணிக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் ஐந்தரை வரை ஓட்டினால் ஒரு ஷிஃப்ட். இரவு எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை. நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு. சம்பளம் சனிக்கிழமை. ‘இன்னிக்கு அரை ஷிஃப்ட் போட்டுட்டு கல்யாணத்துக்கு வந்துடறேன்’ என்று இங்கே சாதாரணமாகச் சொல்வார்கள். மாமா ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவருக்கு ஒன்றரைக்குக் கீழே வேலை முடிந்த நாளை நான் பார்த்ததில்லை.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதிய செய்திக்குத் தலைப்பு வைப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. ‘ஊர் சுற்றி ஒரு கட்டுரை எழுது’ என்று ஆசிரியர் சொன்னபோது காதர்பேட்டை பனியன் மார்க்கெட், அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறை, ஊத்துக்குளி வெண்ணெய் என்று ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன். அது எதுவும் நடக்கவில்லை. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் அமுச்சி வழுக்கி விழுந்துவிட்டார். அமுச்சி என்றால் அம்மாவின் அம்மா. கொங்குப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அமுச்சிக்கு 78 வயது. பொங்கலூர் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தவர். சுற்றிலும் தென்னை, இரண்டு மாடு, ஒரு நாய். பக்கத்து வீடு என்று நாங்கள் சொல்வது அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 2024 நவம்பர் கடைசியில், அதே பல்லடம் வட்டாரத்தில் சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் அவர்கள் மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் இன்னொரு வயதான தம்பதி. கொங்கு மண்டலத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை வைத்திருக்கிற யாரும் அந்த மாதங்களில் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். போலீஸ் ரோந்து வந்தது. எல்லா வீட்டிலும் கேமரா மாட்டச் சொன்னார்கள். மாமா நான்கு கேமரா மாட்டி, ஃபோனில் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ‘போதும்’ என்று அமுச்சியைத் திருப்பூருக்கே கூட்டிவந்துவிட்டார்.

திருட்டுப் பயத்தில் தப்பி வந்தவர், மாமா வீட்டு பாத்ரூம் ஈரத்தில் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. ஏற்கெனவே சர்க்கரை, காலையும் இரவும் இன்சுலின் ஊசி. ‘ரெண்டு மூணு மாசத்துக்கு முழு நேரமும் ஆள் வேணும்’ என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்தார்கள். மாமாவும் அத்தையும் வேலைக்குப் போகிறவர்கள். அத்தை செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். எட்டரைக்கு வீடு பூட்டிவிடும்.

முதலில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் இருந்த ஏஜென்சிக்குப் போனோம். ‘ஹோம் நர்ஸ்’ என்று போர்டு. உள்ளே ஒரு மேஜை, இரண்டு ஃபோன், சுவரில் சாமி படங்கள். “24 அவர் ஆளுங்களா, 12 அவர் ஆளுங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. நோயாளிக்கு என்ன பிரச்னை என்பது மூன்றாவது கேள்வி. 24 மணி நேர ஆள் என்றால் ஒரே பெண் வீட்டிலேயே தங்கிவிடுவார். “அவங்க எப்பங்க தூங்குவாங்க?” என்று கேட்டேன். “பேஷன்ட் தூங்கறப்ப தூங்கிக்குவாங்க” என்றார் மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர். திருப்பூரில் இரண்டு ஷிஃப்ட் போட்டால் ரெட்டைச் சம்பளம் கேட்பார்கள். இங்கே மூன்று ஷிஃப்டுக்கு ஒரே ஆள், ஒரே சம்பளம்.

வருவது நர்ஸா என்று கேட்டதற்கு, “ட்ரெயினிங் முடிச்ச பொண்ணுதானுங்க” என்றார். எவ்வளவு நாள் பயிற்சி என்பதற்குப் பதில் வரவில்லை. பெயரில் ‘நர்ஸ்’ இருந்தாலும், நர்ஸ் என்பவர் வேறு. டிப்ளமா நர்ஸ் என்றால் மூன்று வருடப் படிப்பு, பி.எஸ்ஸி என்றால் நான்கு வருடம், அதற்குப் பிறகு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு எண். சில மாதப் பயிற்சியோடு வருபவர்கள் உதவியாளர்கள். குளிக்க வைப்பது, ஊட்டுவது, துணி மாற்றுவது, நடக்கப் பிடித்துக்கொள்வது என்று முதியவர் ஒருவரின் நாளில் முக்கால்வாசி அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், ஊசியும் சர்க்கரை அளவும் மூச்சுத்திணறலும் மிச்சம் இருக்கும் கால்வாசியில் வருகின்றன. நம் ஊரில் வெள்ளையோ நீலமோ யூனிஃபார்ம் போட்டுவிட்டால் எல்லோருமே ‘சிஸ்டர்’தான். யார் யார் என்று கேட்கவும் கூச்சப்படுகிறோம்.

ஏஜென்சி வேண்டாம் என்று முடிவானது. மாமாவின் கம்பெனியில் யாரோ சொன்ன ஒரு இடத்துக்குப் போனோம். கோவையைச் சுற்றி இருபது வருடங்களாகவே மூத்தோர் குடியிருப்புகள் பெருகிவிட்டன. இப்போது அந்த வாசனை திருப்பூர் பக்கமும் அடிக்கிறது. முதியோர் இல்லம் என்று சொல்ல மாட்டார்கள். ‘அசிஸ்டட் லிவிங்’ என்கிறார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. வாசலில் புல்தரை, லாபியில் பிள்ளையார், சுவரெல்லாம் கைப்பிடி, பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ். அமுச்சி விழுந்ததே பாத்ரூமில் என்பதால் அந்த டைல்ஸைப் பார்த்ததும் மாமாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. பகலில் ஒரு டிப்ளமா நர்ஸ் இருந்தார். கவுன்சில் பதிவு எண் உள்ளவர், துறுதுறுவென்று இருந்தார். “ஒரு வாரம் வெச்சுப் பாருங்க, புடிச்சா தொடருங்க” என்றார் மேனேஜர். சனிக்கிழமை மதியம் அமுச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். முதல் ராத்திரி துணைக்கு நான் இருக்கிறேன் என்று நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

கீழ்த்தளம் முழுக்கப் படுக்கையில் இருப்பவர்கள். மொத்தம் 16 பேர். அமுச்சியும் இன்னொரு தாத்தாவும் தவிர மற்ற 14 பேரும் தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவர்கள். அந்தத் தாத்தா ஒரு காலத்தில் பெரிய கம்பெனியில் கட்டிங் மாஸ்டராம். ஞாபக மறதி நோய். கையை ஒரு தடவை போர்வை மேல் ஓட்டி, மடிப்பை எடுத்து, மறுபடி ஓட்டுவார். துணியை லே போடுகிற அதே கை.

சாயங்காலம் 5.45-க்கு நர்ஸ் வந்து அமுச்சிக்கு இன்சுலின் போட்டார். ஆறு மணிக்குக் கிளம்பினார். 7.30-க்கு இட்லி வந்தது. அமுச்சி ஒன்றரை சாப்பிட்டுவிட்டு, “போதுஞ் சாமி” என்று தட்டைத் தள்ளினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஃபோனில் ஒரு செய்திக்குத் தலைப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

இரவில் அந்தத் தளத்துக்கு இரண்டு உதவியாளர்கள். பதினொன்று முதல் மூன்று வரை ஒருவர் தூங்குவார், அதற்குப் பிறகு மற்றவர். முதலில் விழித்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். என்னை முதலில் ‘மேடம்’ என்றார். டீ கொண்டுவந்து கொடுத்தபோது ‘கண்ணு’ ஆகிவிட்டேன். பதினெட்டு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தவராம். கைமடியாகச் சேர்ந்து, பவர் டேபிள் பழகி, கடைசியில் லைன் சூப்பர்வைசர். முதுகு வலி வந்து தையலை விட்டுவிட்டு இங்கே வந்தாராம்.

“கம்பெனியில ஒரு டி-ஷர்ட்டுக்கு இத்தன நிமிஷம்னு எஸ்.ஏ.எம் போட்டு வெச்சிருப்பாங்க கண்ணு. கழுத்துக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, லேபிளுக்கு இவ்வளவு. அத வெச்சுத்தான் லைனுக்கு எத்தன டெய்லருன்னு முடிவு பண்ணுவாங்க. இங்க எஸ்.ஏ.எம் யாரு போட்டா சொல்லு?”

கேட்டுவிட்டு அவரே கணக்கும் போட்டார். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். திருப்புவது, ஈரம் பார்ப்பது, டயப்பர் மாற்றுவது, தலையணை வைப்பது, ஒரு வாய் தண்ணீர். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஒருவருக்குப் பத்து நிமிடம். 14 பேருக்கு 140 நிமிடம். இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிடம். முதல் சுற்றின் கடைசி ஆளுக்கு வருவதற்குள் இரண்டாவது சுற்றின் முதல் ஆளுக்கு நேரம் தாண்டிவிடும். இதில் யாரும் கூப்பிடாமல், யாரும் விழாமல், தானும் உட்காராமல் இருக்க வேண்டும்.

“அப்ப என்னக்கா பண்ணுவீங்க?”

“வேறென்ன பண்றது. புண்ணு வந்துருமோன்னு பயமா இருக்கறவங்கள மட்டும் ரெண்டு மணிக்கொருக்காத் திருப்புவேன். மத்தவங்களுக்கு மூணு ஆயிரும். ஏட்டுல மட்டும் எல்லாத்துக்கும் ரெண்டுன்னு எழுதோணும்.”

இரண்டு மணி தாண்டியிருக்கும். அமுச்சியின் கையைப் பிடித்துக்கொண்டே கண்ணயர்ந்திருந்த நான், ஈரம் பட்டு விழித்தேன். கை முழுக்க வேர்வை. நைட்டி நனைந்திருந்தது. “மாட்டப் புடிச்சுக் கட்டுடா, வெள்ளாமைல எறங்குது” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கண் என் மேல் நிலைக்கவில்லை. பெல்லை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த அக்கா தளத்தின் அந்த மூலையில் ஒருவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. நான்கு நிமிடம் ஆனது. நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றதால் அந்த நான்கு நிமிடம் சரியாகத் தெரியும்.

வந்தவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “சுகர் எறங்கியிருக்கும்” என்றார். மெஷின் நர்ஸ் ரூம் அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டு. சாவி மாடியில் தூங்கும் மேனேஜரிடம். அக்கா சாவிக்குக் காத்திருக்கவில்லை. “ஆத்தா, முழுங்குவீங்களா, எச்சில முழுங்கிக் காட்டுங்க” என்று பார்த்துவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, தலையைத் தூக்கிப் பிடித்து மெதுவாகக் கொடுத்தார். நினைவில்லாதவர் வாயில் ஊற்றிவிட்டால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று பிறகு கேட்டேன். “பகல்ல நர்ஸ் பண்றதப் பாத்து வெச்சுக்கறதுதான்.”

சாவி வந்து, மெஷின் வந்து, விரலில் குத்திப் பார்த்தபோது 58. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போன பிறகே 58. எழுபதுக்குக் கீழே என்றாலே குறைவு. கால் மணி நேரம் கழித்து 96. அமுச்சி என்னைப் பார்த்து, “நீ எப்ப கண்ணு வந்தே?” என்றார்.

இந்த நேரமெல்லாம் அந்தத் தளத்தில் மற்ற 15 பேருக்கு யாரும் இல்லை. கட்டிங் மாஸ்டர் தாத்தா கட்டிலை விட்டு இறங்கி, வராந்தா தாண்டி, கேட் வரைக்கும் போய்விட்டார். வாட்ச்மேன் பிடித்துக் கூட்டிவந்தார். “கம்பெனிக்கு நேரமாச்சு, விடுங்கப்பா” என்று அவர் கெஞ்சியது இங்கே வரை கேட்டது.

காலையில் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு போன் போட்டோம். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “ஊசி எத்தன மணிக்கு, சாப்பாடு எத்தன மணிக்கு?” அமுச்சிக்குப் போடுவது கலவை இன்சுலின். போட்டு அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். அதன் ஒரு பகுதி நடு இரவு வரைக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். ஊசி 5.45-க்கு, சாப்பாடு 7.30-க்கு, அதிலும் பாதி. நர்ஸ் ஆறு மணிக்குப் போய்விடுவதால் ஊசி 5.45-க்கு வந்துவிட்டது. சமையல்காரர் 7.30-க்குப் பரிமாறுவதால் சாப்பாடு 7.30-க்கு. இரண்டு பேரின் டியூட்டி நேரத்துக்கும் நடுவில் அமுச்சியின் உடம்பு மாட்டிக்கொண்டது.

மேனேஜரிடம் கோபமாகத்தான் போனேன். அவர் மறுக்கவில்லை. “நைட்டுக்கு நர்ஸ் கெடைக்க மாட்டேங்கறாங்க மேடம். விளம்பரம் குடுத்து ஆறு மாசமாச்சு” என்றார். நன்றாகப் படித்த பெண்கள் கோவையின் பெரிய மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். இரண்டு வருட அனுபவம் ஆனதும் வளைகுடாவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே அதற்கு ஆள் எடுக்கிறது. போகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பவர்களும் மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இந்த இடத்துக்கு இரவு எட்டு மணிக்கு நடந்து வர வேண்டும். “கம்பெனிகள்ல பொம்பளைங்களுக்கு வேன் வுடறாங்க. ஒரே ஒரு நர்ஸுக்கு நான் வேன் வுட முடியுங்களா?” என்று கேட்டார். முடியும் என்றுதான் நினைக்கிறேன். புல்தரைக்குத் தண்ணீர் லாரியே வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அமுச்சியைத் திரும்ப மாமா வீட்டில் இறக்கிவிட்டு, அவிநாசி பக்கம் இன்னொரு இடம் பார்க்க நானும் மாமாவும் பஸ் ஏறினோம். வழியில் திருமுருகன்பூண்டி. சாலை ஓரத்தில் சிற்பிகள் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவனே வேடர்களை அனுப்பி வழிப்பறி செய்த தலம் இது. அவிநாசியோ முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட தலம். அமுச்சி இந்தக் கதைகளை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் எனக்கு ஞாபகம் வந்தது வேறு. 2022 அக்டோபரில் இதே திருமுருகன்பூண்டியில் ஒரு சிறுவர் காப்பகத்தில் கெட்டுப்போன சாப்பாட்டால் மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். இன்னும் பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தார்கள், காப்பகம் மூடப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது நான் டிப்ளமா மாணவி.

மாமா வேறு கணக்கில் இருந்தார். அவர் கம்பெனிக்கு அடுத்த வாரம் வெளிநாட்டு பையரின் ஆடிட். வங்கதேசத்தில் 2013-ல் ரானா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு, ஆடிட் கெடுபிடி அதிகம். தீயணைப்புக் கருவியின் தேதி, அவசர வழிக்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டி இருந்தால்கூட மார்க் குறைவு, முதலுதவிப் பயிற்சி எடுத்தவர்களின் போட்டோ சுவரில். “அதெல்லாம் பண்ணலைன்னா ஆர்டர் போயிரும் கண்ணு” என்றார். 1948-ல் எழுதிய தொழிற்சாலைச் சட்டத்திலேயே 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மருத்துவ அறையும் அதற்கு நர்ஸும் வேண்டும் என்று இருந்தது. சாயத் தண்ணீரை நொய்யலில் விட்டதற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, இந்த ஊர் சாயக்கழிவைக்கூட லிட்டர் கணக்கில் அளக்கக் கற்றுக்கொண்டது. வருடத்துக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர். இங்கே எண்ணத் தெரியாதவர்கள் கிடையாது. நான் இரவு உட்கார்ந்திருந்த தளத்தில் 16 பேருக்கு எத்தனை ஆள் என்று வந்து எண்ண எந்த பையரும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் சோறு போடவில்லை என்றால் ஆர்.டி.ஓ-விடம் போகலாம் என்பது பலருக்குத் தெரியும். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அரசு அமைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. தனியார் பராமரிப்பு இல்லங்களும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்துவிட்டது. தமிழக மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவிகிதம், 2031-ல் 18.2 சதவிகிதம் ஆவார்கள் என்கிறது தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை. கேரளாவுக்கு அடுத்து நாம்தான்.

திருப்பூர் டி-ஷர்ட் போய்ச் சேருகிற அமெரிக்காவிலும் இதே சண்டைதான். நர்ஸிங் ஹோமில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தினம் குறைந்தது 3.48 மணி நேர நர்ஸிங் கவனிப்பு, 24 மணி நேரமும் பதிவு பெற்ற ஒரு நர்ஸ் என்று 2024-ல் அங்கே விதி போட்டார்கள். ‘இவ்வளவு நர்ஸுக்கு எங்கே போவது’ என்று இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட, 2025 ஏப்ரலில் டெக்சாஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம் மேனேஜர் சொன்ன அதே காரணம். ஆனாலும் அங்கே ஒரு எண்ணைச் சொல்லி அதன் மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். 3.48-ஐப் படித்ததும் நான் 140-ஐ 120-ஆல் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவிநாசிப் பக்கம் பார்த்த இடம் பார்வைக்கு ஒன்றுமில்லை. பழைய வீட்டைத் தட்டி நீட்டிய கட்டடம், சிமென்ட் ஷீட் தாழ்வாரம், புல்தரைக்குப் பதில் முருங்கை மரம். 22 பேர். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாத்ரூமில் சாதாரண டைல்ஸ்தான், மேலே ரப்பர் மேட் விரித்திருந்தார்கள்.

நான் இந்தத் தடவை ரூமையே பார்க்கவில்லை. “நைட் ஷிஃப்ட்ல யாருங்க இருப்பாங்க?” என்றுதான் ஆரம்பித்தேன். நடத்துகிற அம்மா ஒரு நீளமான டியூட்டி ரிஜிஸ்டரை எடுத்துவந்து மேஜையில் விரித்தார். இரவுக்கு ஒரு நர்ஸ், மூன்று உதவியாளர்கள். நர்ஸ் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உள்ளூர்க்காரர். இன்னொருவரும் அப்படியே, வாரத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். “எளசுகள நைட்டுல வரச்சொன்னா வீட்டுல வுட மாட்டாங்க. இவங்க ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காங்க, எம்பையன் ஸ்கூட்டர்ல கூட்டியாந்துருவான்” என்றார் அந்த அம்மா. விழுந்தது, புண் வந்தது, சர்க்கரை இறங்கியது என்று தனியாக ஒரு நோட்டு. போன மாதம் இரண்டு பேர் விழுந்திருந்தார்கள். எத்தனை மணிக்கு, எங்கே, யார் டியூட்டி என்று எழுதியிருந்தது. புல்தரை இருந்த இடத்தில் ‘எங்ககிட்ட யாரும் விழுந்ததே இல்லீங்க’ என்று சொன்னார்கள். விழுந்ததை எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாப்பாடும் ஊசியும் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். “சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்தப்பறந்தான் ஊசிய எடுப்போம்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. பகல் டியூட்டி நர்ஸ்.

இடம் காலி இல்லை. மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தோம்.

அதுவரைக்கும் மாமா வீடுதான். அந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டதில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பகலுக்கு 12 மணி நேர ஆள். அத்தைக்குத் தெரிந்தவர் மூலம் கிடைத்தவர், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. அவர் போன பிறகு மாமாவும் அத்தையும் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு விழிக்கிறார்கள். அடுத்த வாரம் ஆடிட் வேறு. ஊசி இப்போது ஏழரைக்கு, தட்டு பக்கத்தில் வந்த பிறகு. சர்க்கரை மெஷின் டிவிக்குப் பக்கத்தில் திறந்தே கிடக்கிறது.

கிளம்பும்போது அமுச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ராத்திரிக்காரப் பொம்பளைக்கு ஒரு சேலை எடுத்துக் குடு கண்ணு” என்றார். காதர்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் நூல் சேலை ஒன்று எடுத்து மாமாவிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இரவு 2.10-க்கு மாமாவிடமிருந்து ஒரு மெசேஜ்: ‘சுகர் 134. எடது பக்கம் திருப்பிப் படுக்க வெச்சாச்சு. அடுத்து 4 மணி, அத்தை.’